நிலா நமக்குக் கேடயமா?

கேள்வி: நிலா முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிப் பள்ளங்கள், பூமியில் ஒன்றையும் காணோம். நம் மேல் விழ வேண்டிய விண்கற்களை நிலா வாங்கிக்கொள்வதால்தானே நாம் தப்பித்தோம்?
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இந்தக் கேடயக் கதையை யார் கிளப்பிவிட்டார்களோ, எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது. அடுத்த பௌர்ணமிக்குச் சில்வர் பீச்சுக்குப் போங்கள், கையை நீட்டிச் சுண்டுவிரலைத் தூக்குங்கள், நிலா முழுசாக அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். வானத்தில் அதன் அகலம் அரை டிகிரிதான். தலைக்கு மேல் தெரிகிற வானத்தை அடைக்க அப்படி ஏறத்தாழ 1 லட்சம் நிலா வேண்டும், இருப்பதோ ஒன்று. அடைமழையில் பூவரச இலையைப் பிடித்துக்கொண்டு நனையவில்லை என்று சொல்வீர்களா?

உண்மையில் அடி அதிகம் வாங்கியது நாம்தான். பூமியின் பரப்பு நிலாவைப் போல 13 மடங்குக்கு மேல், ஈர்ப்பும் கூடுதல், பக்கத்தில் போகிற கல்லையும் இழுத்துப் போட்டுக்கொள்ளும். சின்னக் கற்களைக் காற்று எரித்துவிடுகிறது, அந்த நன்றியை வேண்டுமானால் காற்றுக்குச் சொல்லுங்கள். பெரிய கல்லுக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை.

அப்படியானால் பள்ளங்கள் எங்கே என்பீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததே, இன்று புதுக் கன்று வளர்ந்து நிற்கிற தோப்பில் வெளியூர்க்காரர் யாராவது நின்று இங்கே புயலே அடித்ததில்லை போலிருக்கிறது என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? பூமியில் மழை கரைக்கிறது, ஆறு வண்டலைக் கொட்டுகிறது, கடல் மூடுகிறது, கண்டத்தட்டுகள் நகர்ந்து பழைய கடல்தரையையே விழுங்கிவிடுகின்றன. மிஞ்சியவற்றில் அடையாளம் கண்டது 200 பக்கம்தான். அதில் ஒன்று மகாராஷ்டிராவின் லோனார் ஏரி, குறுக்களவு 1.8 கிலோமீட்டர். நிலாவில் காற்றும் இல்லை, மழையும் இல்லை, விழுந்த வடு விழுந்தபடியே கிடக்கிறது, 1 கிலோமீட்டருக்கு மேல் அகலமான பள்ளங்கள் மட்டுமே 10 லட்சத்தைத் தாண்டும்.

நிலாவின் மறுபக்கத்தில்தானே பள்ளம் அதிகம், அது வெளியிலிருந்து வருவதைத் தடுத்ததற்குச் சாட்சி இல்லையா என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். நம் பக்கத்துப் பழைய பள்ளங்கள் பலவற்றை எரிமலைக் குழம்பு ஓடி நிரப்பிவிட்டது. நிலாவில் கருப்பாகத் தெரிகிறதே, பாட்டி வடை சுடுகிறாள் என்று காட்டுவோமே, அது அந்த உறைந்த குழம்புதான்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா, புதுச்சேரிக்கு மேற்கே வழுதாவூர் பக்கம் போய் வாருங்கள். டைனோசர் காலத்துக் கடலடிப் படிவம் அங்கே இருக்கிறது, அதில் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுப் பிராணியின் புதைபடிவம் கிடைத்திருக்கிறது. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் சிக்சுலூபில் சுமார் 10 கிலோமீட்டர் பருமனுள்ள ஒரு கல் விழுந்ததோடு அந்த வம்சம் உலகம் முழுக்க அற்றுப்போனது. அன்றைக்கு உங்கள் கேடயம் எங்கே போயிருந்தது என்று விசாரித்து எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.