கோவில் கணினியில் கிடக்கும் பழைய மின்னஞ்சல்கள்: ஜிமெயிலுக்குக் கொண்டுபோகும் வழி

கேள்வி: மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் ஒரு கோவில் சபைக்குச் செயலாளராக இருக்கிறேன். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது அலுவலகத்துக்குள் தண்ணீர் வந்து கணினி பாழாகிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் ஒருவர் மீட்டுக் கொடுத்தார். அதில் 6 ஜிபி அளவுள்ள ஒரு பி.எஸ்.டி. கோப்பும் (அவுட்லுக் மென்பொருளின் அஞ்சல் பெட்டி), தனியாக ஒரு கோப்புறையில் ஆயிரக்கணக்கான இ.எம்.எல். கோப்புகளும் இருக்கின்றன. 2003 முதல் தமிழ்நாட்டு ஸ்தபதிகளோடும் குருக்கள்மாரோடும் நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதும் அதில்தான். இதை ஜிமெயிலில் ஏற்ற முடியுமா? அதற்கான பொத்தானைத் தேடிச் சலித்துவிட்டேன். இன்னொன்று, பழைய தமிழ்க் கடிதங்களைத் திறந்தால் ஒரு எழுத்தும் புரியவில்லை.

பதில்: ஐயா, அந்தப் பொத்தான் உங்கள் கண்ணில் படாததில் வியப்பில்லை. அப்படி ஒன்று ஜிமெயிலில் இல்லவே இல்லை. அமைப்புகளில் ‘இறக்குமதி’ என்று தென்படுவது வேறொரு இணையக் கணக்கிலிருந்து இழுத்துக்கொள்வதற்கு. உங்கள் மேசையில் கிடக்கும் கோப்பை அது ஏறெடுத்தும் பார்க்காது. பி.எஸ்.டி. கோப்பைக் கூகுள் டிரைவில் போட்டு வைத்துவிட்டு ‘ஏற்றியாயிற்று’ என்று நிம்மதியாக இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பூட்டிய பெட்டியை வேறு அறையில் வைத்தது போலத்தான். உள்ளே இருக்கும் ஒரு கடிதத்தையும் தேடி எடுக்க முடியாது.

நடுவில் ஒரு ஆள் வேண்டும். உங்கள் கணினியில் இருக்கும் கடிதங்களையும் படிக்கத் தெரிந்து, ஐமேப் என்னும் அஞ்சல் இணைப்பு முறை வழியாக ஜிமெயிலோடும் பேசத் தெரிந்த ஒரு மின்னஞ்சல் மென்பொருள்தான் அந்த ஆள். இடது பக்கம் பழைய கோப்பு, வலது பக்கம் ஜிமெயில் கணக்கு. இங்கிருந்து அங்கே நகலெடுப்பது மட்டுமே வேலை.

தொடங்குமுன் அந்த ஹார்ட் டிஸ்க்கை முழுதாக வேறு இரண்டு தட்டுகளில் நகலெடுங்கள். தண்ணீர் பட்ட தட்டு இன்னும் எத்தனை நாள் சுழலும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு மூலத்தைத் தொடாமல், நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். ரோஸ் ஹில்லில் ஒரு சங்கத்துக்கு இதே வேலையைச் செய்தபோது, நகலெடுக்காமல் கடிதங்களை அப்படியே இழுத்து நகர்த்திக்கொண்டிருந்தேன். பாதியில் மின்சாரம் போனது. ஒரு கோப்புறைக் கடிதங்கள் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. வேறொரு தட்டில் பிரதி இருந்ததால் மானம் தப்பியது.

இ.எம்.எல். கோப்புகள் எளிது. ஒரு கோப்புக்கு ஒரு கடிதம். பெரும்பாலும் விண்டோஸ் லைவ் மெயில் விட்டுப்போனவையாக இருக்கும். தண்டர்பேர்டு என்னும் இலவச மின்னஞ்சல் மென்பொருளை நிறுவி, அதில் ‘இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்.ஜி.’ என்ற துணைநிரலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்பதன் கீழ் புதிதாக ஒரு கோப்புறை உருவாக்கி, அதன்மேல் வலது கிளிக் செய்தால், ஒரு கோப்புறையில் உள்ள எல்லா இ.எம்.எல். கோப்புகளையும், உட்கோப்புறைகளோடு சேர்த்து, ஒரே தடவையில் உள்ளே கொண்டுவரும் கட்டளை கிடைக்கும். எம்பாக்ஸ் கோப்புகள் (ஒரே கோப்பில் பல கடிதங்கள்) ஏதாவது அகப்பட்டாலும் இதே துணைநிரல் போதும்.

பி.எஸ்.டி.தான் அடம்பிடிக்கும். அது அவுட்லுக்கின் சொந்த வடிவம். தண்டர்பேர்டு அதை நேரடியாகத் திறக்காது. பழைய வகை அவுட்லுக் யாரிடமாவது இருந்தால் (‘புதிய அவுட்லுக்’ என்று இப்போது விண்டோஸோடு வருவது இந்த வேலைக்கு வேண்டாம்) அதில் அந்தக் கோப்பைத் திறந்து, அதே அவுட்லுக்கில் ஜிமெயில் கணக்கையும் சேர்த்துவிட்டால் போதும். திறக்க மறுத்தால், அவுட்லுக்கோடு வரும் ‘ஸ்கேன்பிஎஸ்டி’ என்ற பழுதுநீக்கும் கருவியை நகலின்மேல் ஓடவிடுங்கள். நனைந்த தட்டிலிருந்து வந்த கோப்புக்கு அது அநேகமாகத் தேவைப்படும். அவுட்லுக்கே கிடைக்காவிட்டால், லினக்ஸ் தெரிந்த பிள்ளை ஒருவரைப் பிடித்து ‘ரீட்பிஎஸ்டி’ என்ற இலவசக் கருவியால் எம்பாக்ஸாக மாற்றச் சொல்லுங்கள். அதன்பின் தண்டர்பேர்டு வழி திறந்துவிடும். பி.எஸ்.டி.யை நேரே ஏற்றித் தரும் கருவி ஒன்றைக் கூகுளே தருகிறது. ஆனால் அது கட்டணம் செலுத்தும் வொர்க்ஸ்பேஸ் போன்ற நிறுவனக் கணக்குகளுக்குத்தான். சாதாரண ஜிமெயிலுக்கு உதவாது.

‘உங்கள் பி.எஸ்.டி.யை இங்கே ஏற்றுங்கள், மாற்றித் தருகிறோம்’ என்னும் இணையதளங்களின் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். குருக்களுக்கு வேலை அனுமதி வாங்க அனுப்பிய பாஸ்போர்ட் நகல்கள் அந்தக் கோப்பில் நிச்சயம் இருக்கும். மொரீஷியஸின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கோவில் சபையையும் பார்த்துக் கேள்வி கேட்கும். உண்மையில், பழைய பாஸ்போர்ட் நகல்களை ஜிமெயிலுக்கே கொண்டுபோக வேண்டாம் என்பது என் கருத்து. அவற்றை ஏற்றுமுன்பே ஒதுக்கிவிடுங்கள்.

ஜிமெயிலை உங்கள் சொந்தப் பெயரில் வைக்காமல், சபைக்கென்று தனியாக ஒன்று தொடங்குங்கள். மென்பொருளில் கணக்கைச் சேர்க்கும்போது கூகுளின் உள்நுழைவுப் பக்கமே திறக்கும், அங்கே அனுமதி கொடுத்தால் போதும். முன்போல ஐமேப்பைத் தனியாக இயக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: இரண்டு ஆண்டுகள் யாருமே உள்ளே நுழையாத கணக்கைக் கூகுள் நீக்கிவிடக்கூடும். செயலாளர் மாறும்போது சாவிக்கொத்தோடு இந்தக் கடவுச்சொல்லும் கை மாறட்டும்.

இப்போது அளவு. இங்கேதான் பலருக்குக் கணக்கு தவறுகிறது. ஜிமெயில் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதுவும் டிரைவ், போட்டோஸ் எல்லாம் சேர்த்து. உங்களுடையது 6 ஜிபிதானே என்று தோன்றும். ஆனால் மின்னஞ்சலில் இணைப்புகள் பயணம் செய்யும்போது ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்தாக எழுதப்படும். அது பழைய வழக்கம், இன்னும் மாறவில்லை. அவுட்லுக் அந்த இணைப்புகளை அவிழ்த்துச் சுருக்கமாக வைத்திருக்கிறது. ஏற்றும்போது அவை மறுபடி மூன்றில் ஒரு பங்கு வீங்கும். கும்பாபிஷேகப் படங்களும் ஸ்தபதியின் வரைபடங்களும் நிறைந்த 6 ஜிபி, அங்கே போய்ச் சேரும்போது 8 ஜிபி ஆகிவிடும். இ.எம்.எல். கோப்புகள் ஏற்கெனவே வீங்கிய வடிவில்தான் இருக்கின்றன, ஆகவே அவற்றின் அளவு மேலும் பெருகாது.

அடுத்தது வேகம். ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 500 எம்பி மட்டுமே ஏற்றலாம் என்று ஜிமெயில் வரம்பு வைத்திருக்கிறது. தாண்டினால் கணக்கு ஒரு நாள்வரை முடங்கும். வீட்டில் ஃபைபர் இருந்தாலும் இதில் பயனில்லை. 8 ஜிபிக்குக் குறைந்தது பதினாறு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசக் காவடி நெருங்கும் வாரத்தில் இதைத் தொடங்காதீர்கள். சபைக்கு வரும் புதிய கடிதங்கள் அதே கணக்கில் மாட்டிக்கொள்ளும். ஆண்டுவாரியாகப் பிரித்து, நாளுக்கு 400 எம்பி அளவில் நகலெடுப்பது என் வழக்கம்.

முதல் நாள் ஐந்தே ஐந்து கடிதங்களை மட்டும் அனுப்பிப் பாருங்கள். ஜிமெயிலை உலாவியில் திறந்து தேதியைக் கவனியுங்கள். 2005இல் வந்த கடிதம் 2005 என்று காட்டுகிறதா, அல்லது இன்று வந்ததாகக் காட்டுகிறதா? அவுட்லுக்கிலிருந்து ஏற்றும்போது சில சமயம் இந்தக் கோளாறு வரும். வந்தால் அங்கேயே நிறுத்தி, தண்டர்பேர்டு வழிக்கு மாறிவிடுங்கள். ஆயிரக்கணக்கான கடிதங்களும் ஒரே தேதியில் குவிந்துவிட்டால் பிறகு பிரிப்பது நரகம். இழுத்துப் போடுவதைவிட, வலது கிளிக் செய்து ‘நகலெடு’ என்று கொடுப்பது நல்லது.

நம் தீவுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இங்கே பாதிப் பேரின் கணினி பிரெஞ்சில் இருக்கும். அவுட்லுக்கில் ‘எலெமான் ஆன்வாயே’ என்று இருந்த அனுப்பிய கடிதங்களின் கோப்புறையை அப்படியே நகலெடுத்தால், ஜிமெயில் அதை வெறும் லேபிளாகத்தான் எடுத்துக்கொள்ளும். தன்னுடைய ‘அனுப்பியவை’யோடு சேர்க்காது. ஆகவே கோப்புறையை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் கடிதங்களைத் தேர்ந்தெடுத்து ஜிமெயிலின் அனுப்பியவை கோப்புறைக்குள் நகலெடுங்கள். குப்பைத்தொட்டியை ஏற்றவே வேண்டாம். ஜிமெயிலின் குப்பைத்தொட்டிக்குள் போட்டாலும் முப்பது நாளில் அது துடைத்துவிடும்.

எல்லாம் போய்ச் சேர்ந்ததா என்று உலாவியில் எண்ணிப் பார்த்தால் குறைவாகத்தான் தெரியும். ஜிமெயில் ஒரே பேச்சில் வந்த கடிதங்களை ஒன்றாக முடிந்து காட்டும். மென்பொருளிலேயே இரண்டு பக்கத்து எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள்.

கடைசியாக, புரியாத தமிழ்க் கடிதங்கள். அவை கெட்டுப்போகவில்லை. அந்தக் காலத்தில் பலர், இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் எழுதவில்லை. திஸ்கி, டாப், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துக் குறியீட்டு முறையில் எழுதினார்கள். ஆங்கில எழுத்துகள் குலுங்கிக் கிடப்பதுபோல் தெரிந்தால் பாமினி வகையாக இருக்கும். தலையில் கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் திஸ்கி அல்லது டாப். அவற்றைப் பிரெஞ்சுக் கடிதம் என்று நினைத்து அழித்தவர்களும் இங்கே உண்டு. திஸ்கியில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு, க, கால் என்று பதிவாகியிருக்கும். யூனிகோடில் ‘க’ முதலில் வரும். அதனால்தான் யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றினால் மட்டும் சரியாகாது, குறியீட்டையே மாற்றித் தரும் கருவி வேண்டும்.

என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் அந்த வரிகளை ஒட்டி, முதலில் திஸ்கி, பிறகு டாப் என்று மாற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று முயற்சியில் தமிழ் வந்துவிடும். இந்தக் கடிதங்களை மட்டும் ஏற்றிய உடனே சரிபாருங்கள். வழியில் ஏதாவது கருவி அவற்றைக் கேள்விக்குறிகளாக மாற்றியிருந்தால், அந்தப் பிரதியிலிருந்து மீட்க வழியில்லை, பழைய தட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். ஜிமெயிலின் தேடலுக்குத் திஸ்கி புரியாது. ‘ராஜகோபுரம்’ என்று தேடினால் ஸ்தபதியின் கடிதம் வராது. அதற்கு நான் செய்வது இது: மூலக் கடிதத்தைத் தொடாமல், அதையே சபையின் முகவரிக்கு முன்னனுப்பி, மேலே யூனிகோடில் மாற்றிய வரிகளை ஒட்டிவிடுவேன். நாளைக்கு வேறொருவர் தமிழில் தேடும்போது இந்தப் பிரதி அகப்படும், மூலம் எப்போது யார் எழுதியது என்பதும் கீழேயே இருக்கும்.