மிஸ்ஸி அக்கா பதில்கள்: கோலாவுக்குப் பதில் காய்கறிச் சாறு

காய்கறிச் சாறு பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதம் எங்கள் ஊரிலிருந்தே வந்தது. தோட்ட ஜனங்களின் பாதி வீடுகளுக்கு அது பொருந்தும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

*கேள்வி: வணக்கம் அக்கா. என் வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். வயது 46. காலையில் வேலைக்காட்டில் ஒரு டின் கோலா, வீட்டுக்கு வந்ததும் ஐஸ் போட்டு இன்னொன்று, ராத்திரி சோற்றோடு ஒரு டின் ஆரஞ்சு. கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள், இனிப்புநீர் (நீரிழிவு) வருகிற கட்டத்தில் இருக்கிறது, குடிப்பதையும் சாப்பிடுவதையும் மாற்றிவிட்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். நான் பிளெண்டர் வாங்கி கேரட்டும் பீட்ரூட்டும் அடித்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுச் சீனி கேட்கிறார். போடலாமா? எந்தக் காய் நல்லது? – வாசகி, சுங்கை சிப்புட்*

தங்கச்சி, சீனி போடாதீர்கள். கோலாவை நிறுத்தச் சொல்வதே அந்தச் சீனிக்காகத்தான். அதை நாமே பிளெண்டரில் திரும்பப் போட்டால் உங்கள் பாடெல்லாம் வீண்.

இன்றைக்கு அவர் குடிக்கிற டின்னைக் கையில் எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 'கூலா' என்று மலாயில் போட்டிருக்கும் வரிக்கு நேராக, 100 மில்லிக்கு எத்தனை கிராம் சீனி என்று இருக்கும். 10 கிராம் என்றால் 320 மில்லி டின்னில் 32 கிராம். ஒரு டீஸ்பூன் சீனி ஏறக்குறைய 4 கிராம். ஆக, ஒரு டின்னில் 8 டீஸ்பூன். ஒரு கிளாஸ் தேநீரில் 8 டீஸ்பூன் சீனி போட்டு அவரிடம் நீட்டினால் அவரே முகம் சுளிப்பார். கோலாவில் ஜில்லிப்பும் கேஸும் புளிப்பும் சேர்ந்து அந்த இனிப்பை அமுக்கிவிடுகின்றன, நாக்குக்கு முழுசாகத் தெரிவதில்லை. அந்தக் கணக்கில் மூன்று டின்னுக்கு 96 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு, பெரியவர்களுக்குச் சுமாராக நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள்.

'இப்போதெல்லாம் சீனி குறைத்துத்தானே விற்கிறார்கள்' என்று அவர் சொல்லக்கூடும். உண்மைதான். 2019 ஜூலை 1 முதல், 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள இனிப்பு பானங்களுக்கு நம் மலேசியாவில் லிட்டருக்கு 40 காசு வரி வந்தது, பிறகு அதுவும் ஏறியது. அதற்கப்புறம் பல பானங்களில் சீனி அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. நல்ல காரியம். ஆனால் 5 கிராம் கணக்கிலும் ஒன்றரை லிட்டர் போத்தலில் 75 கிராம் இருக்கிறது. அந்தப் பெரிய போத்தல்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் வீட்டு மேசைகளில் நிற்கிறது.

சரி, காய்க்கு வருவோம். நீங்கள் எடுத்த இரண்டுமே கொஞ்சம் இனிப்பான காய்கள். 100 கிராம் கேரட்டில் சுமார் 5 கிராம், பீட்ரூட்டில் சுமார் 7 கிராம் சீனி இயற்கையாகவே உண்டு. வெள்ளரியிலும் தக்காளியிலும் 3 கிராமுக்குள்தான். அதனால் இவருக்கு வெள்ளரியை முதலில் வையுங்கள். விலையும் கட்டுப்படியாகும். நம் பக்கத்துப் பசார் மாலத்தில், அதுதான் இரவுச் சந்தையில், கேமரன் மலைத் தக்காளி வாங்கலாம், வெள்ளரிக்குத் தட்டுப்பாடே இல்லை.

நான் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். பாதி வெள்ளரியை நன்றாகக் கழுவித் தோலோடு நறுக்குங்கள். பழுத்த தக்காளி ஒன்று, செலரித் தண்டு ஒன்று, விரல் நுனி அளவு இஞ்சி. காய்ச்சி ஆறிய தண்ணீர் அரை கிளாஸ், ஐஸ் நாலைந்து கட்டி. நன்றாக ஓடவிட்டு, நிறுத்திய பிறகு லிமாவ் கஸ்தூரி என்கிற சின்ன எலுமிச்சை இரண்டைப் பிழிந்து விடுங்கள். மேலே வெளிர்பச்சை நுரை கட்டும், அப்படியே வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தனியாகவும் சக்கை தனியாகவும் பிரிந்துவிடும். பிரிந்ததைப் பார்த்தால் யாருக்கும் குடிக்கத் தோன்றாது. அவர் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு அடியுங்கள். கேரட் வாசம் பிடித்திருந்தால் சின்னத் துண்டு ஒன்று சேர்க்கலாம். பச்சை ஆப்பிள் கால் பங்கு சேர்த்தாலும் முதல் இரண்டு வாரத்துக்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

வடிகட்ட வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். சக்கையில்தான் நார்ச்சத்து இருக்கிறது. சாற்றை மட்டும் பிழிந்து எடுத்தால் மூன்று நாலு காய் ஒரே கிளாஸில் அடங்கிவிடும், வயிறும் நிறையாது. பிளெண்டர் வாங்கினீர்களே, அதுவே சரியான சாமான். விலை கூடிய ஜூசருக்குப் போக வேண்டியதில்லை. பிள்ளைகளுக்காக வடிகட்டியே ஆக வேண்டுமென்றால், சக்கையைச் சப்பாத்தி மாவில் போட்டுப் பிசைந்துவிடுங்கள்.

வேலைக்காட்டுக்கு மட்டும் சாறு கொடுத்து அனுப்பாதீர்கள். விடிகாலையில் அடித்த சாறு, அந்த வெயிலில் மோட்டார் சைக்கிள் கூடையில் பத்து மணி வரை கிடந்தால் கெட்டுப்போகும். ஐஸ் பெட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்த சாற்றை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன். குலை வெட்டுகிறவருக்கு அங்கே வேண்டியது தண்ணீர். பெரிய போத்தலில் வெறும் தண்ணீர், பிடித்தால் லிமாவ் கஸ்தூரி பிழிந்து. கூடவே வெள்ளரியை நீளவாக்கில் வெட்டி டப்பாவில் வையுங்கள், கடித்துத் தின்னட்டும். அரிவாளைச் சாய்த்து வைத்துவிட்டு நிழலில் உட்காரும்போது உடம்பு கேட்பது தாகத்துக்கு. பழக்கம்தான் அந்த நேரத்துக்குக் கோலாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டது.

என் அம்மா பால் மரம் வெட்டிய காலத்தில் கேஸ் பானம் தீபாவளிக்கு மட்டும்தான் லயத்துக்குள் வரும். கடைக்காரர் ஒரு பெட்டி ஆரஞ்சு கொண்டுவந்து இறக்குவார், காலிக் கண்ணாடிப் போத்தல்களை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பாதிப் போத்தல். பண்டிகைப் பண்டம் அன்றாடப் பண்டம் ஆனதை நர்ஸாகக் கிளினிக்கில் உட்கார்ந்து நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் முதலிடத்தில் நிற்பது இந்தியர்களான நாம்தான். சோறும் சொந்தபந்த வழியும் காரணமில்லையா என்று கேட்பார்கள். காரணம்தான். ஆனால் சோற்றைக் குறைப்பது பாடு, டின்னைக் கீழே வைப்பது அதைவிடச் சுலபம். அதனால் அங்கேயே ஆரம்பியுங்கள் என்கிறேன்.

ஒரே நாளில் மூன்றையும் நிறுத்தச் சொல்லி அவரோடு சண்டைக்கு நிற்காதீர்கள். சாயங்கால டின்னுக்குப் பதில் சாறு, முதல் வாரத்துக்கு அது போதும். அடுத்து வேலைக்காட்டு டின்னுக்குப் பதில் தண்ணீர். ராத்திரிச் சோற்றோடு இனிப்பு பானம் எதுவுமே வேண்டாம், சூப்போ ரசமோ வையுங்கள். கேஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் சீனியில்லாத சோடாவில் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் பாலும் சீனியும் இல்லாத 'தே ஓ கோசோங்' தேநீர் கேட்கப் பழகட்டும். சில வாரத்தில் நாக்கு மாறிவிடும், பழைய டின்னைத் திறந்தால் திகட்டும். கிளினிக்கில் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். சாறும் குடித்து, கோலாவும் குடித்தால் பலனே இல்லை. அதன் இடத்தில் இது வர வேண்டும்.

*கேள்வி: எனக்கு 68 வயது. இனிப்புநீருக்கு மாத்திரை எடுக்கிறேன். தினமும் பாகற்காய்ச் சாறு குடித்தால் மாத்திரையை விட்டுவிடலாம் என்று கோயிலில் ஒரு நண்பர் சொன்னார். ஒரு வாரமாகக் குடிக்கிறேன், மத்தியானம் கை நடுங்குகிறது. – வாசகர், பீடோங், கெடா*

ஐயா, மாத்திரையை நீங்களாக விடாதீர்கள். அந்தக் கை நடுக்கத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாகற்காய்க்கு இரத்தச் சீனியை ஓரளவு இறக்கும் தன்மை உண்டு, ஆனால் மருந்தின் இடத்தில் வைத்து நம்புகிற அளவுக்கு இல்லை. அதே சமயம், சில மாத்திரைகளோடும் இன்சுலினோடும் அது சேர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கண் இருட்டுவது எல்லாம் அதன் அடையாளம். அப்படி வந்தால் உடனே மூன்று நாலு டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், அல்லது சாதாரண இனிப்பு பானம் ஒரு கிளாஸ். அந்த நேரத்தில் அதுதான் மருந்து. 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் திரும்பவும் குடித்துவிட்டு, வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். தெளிந்துவிட்டாலும் இந்த வாரமே கிளினிக்குக்குப் போய், என்ன சாறு, எவ்வளவு, எந்த நேரம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அதுவரை பாகற்காயைச் சாறாகக் குடிக்காமல் பிரட்டலாகச் சோற்றோடு சாப்பிடுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குத் தக்காளி, கீரைச் சாறுகளில் உள்ள பொட்டாசியம் ஆகாமல் போகலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று கீரைச் சாறு ஆரம்பிக்கக் கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் பசலைக்கீரைச் சாற்றைத் தவிர்ப்பது நல்லது. மூன்று பேரும் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

*கேள்வி: அடிக்க நேரமில்லை. சூப்பர் மார்க்கெட்டில் டப்பாவில் வரும் காய்கறிச் சாறு வாங்கிப் பிள்ளைக்குப் பள்ளிக்குக் கொடுக்கலாமா? – வாசகி, பீடோர், பேராக்*

சேர்மானப் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். எது அதிகமோ அதன் பெயர்தான் முதலில் வரும். படத்தில் கேரட் இருக்கும், பட்டியலில் ஆப்பிள் சாறும் திராட்சைச் சாறும் முன்னால் நிற்கும். தக்காளிச் சாறு என்றால் உப்பு எவ்வளவு என்றும் பாருங்கள். பள்ளிக்குத் தண்ணீர்ப் போத்தலே போதும். சாயங்காலம் வீட்டில் பிள்ளையையே பிளெண்டர் பொத்தானை அமுக்கச் சொல்லுங்கள், தான் அடித்ததை வேண்டாம் என்று சொல்ல மனசு வராது.

*கேள்வி: பீட்ரூட் சாறு குடித்த மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. பயமாக இருக்கிறது. – வாசகர், கூலிம், கெடா*

பீட்ரூட்டின் நிறம் சிலருக்கு அப்படியே இறங்கும், கெடுதல் இல்லை. இரண்டு நாள் பீட்ரூட்டை நிறுத்திப் பாருங்கள். அப்புறமும் சிவப்பு இருந்தால் அது பீட்ரூட் இல்லை, தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

*கேள்வி: எங்கள் தோட்டத்துச் செம்பனை ஓரமாக வல்லாரை நிறைய முளைத்திருக்கிறது. பறித்துச் சாறு அடிக்கலாமா? – வாசகி, சுங்கை சிப்புட்*

அங்கே பறிக்காதீர்கள் தங்கச்சி. செம்பனை ஓரத்தில் புல்லுக்கு மருந்து அடிப்பார்கள், எந்தப் பத்தியில் எப்போது அடித்தார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியாது, கழுவினாலும் முழுக்கப் போகும் என்று நம்ப முடியாது. லயத்துச் சாக்கடை ஓரத்து வல்லாரையும் வேண்டாம். பசாரில் பெகாகா என்று கேட்டு ஒரு கட்டு வல்லாரை வாங்கி, வேரோடு இருக்கிற நாலைந்து கொடியைத் தொட்டியில் ஊன்றுங்கள். நிழலும் ஈரமும் இருந்தால் தானே படரும். இலையைக் கிள்ளி மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கழுவி, வெள்ளரியோடு ஒரு கைப்பிடி சேர்த்து அடியுங்கள்.