துப்பாக்கி கேம் ஆடுகிற பையனை மையத்தில் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ராத்திரி ஒரு மணிக்கும் செல்லை வைத்துக்கொண்டு "சுடுலே, போடுலே" என்று ஒரே சத்தம். செல்லைப் பிடுங்கிய தங்கச்சியைக் கீழே தள்ளிவிட்டான். கோட்டி பிடித்துவிடும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். மூன்று மாதம் வைத்திருந்து திருத்தி அனுப்பும் மையம் ஒன்று இருக்கிறதாம். தெரிந்தவர் ஒருவர் நானே சேர்த்துவிடுகிறேன் என்கிறார். அனுப்பலாமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. ஏன் என்று பைய சொல்கிறேன்.

கோட்டியெல்லாம் பிடிக்காது. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் இதைத் தெளிவாகவே சொன்னது: இத்தகைய விளையாட்டுகளுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சின்னத் தொடர்பு உண்டு, வெட்டுக்குத்துக்கு விளையாட்டைக் காரணம் காட்டப் போதிய ஆதாரம் இல்லை. நம் பக்கத்தில் பள்ளிப் பையன் அரிவாளோடு பிடிபட்டால் உடனே செல்போனைக் கைகாட்டுகிறார்கள். 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனைப் பள்ளிப் பையன்களே வீடு புகுந்து வெட்டியதற்குச் செல்போனா காரணம்? சாதி என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் மகன் தள்ளியது நடு ஆட்டத்தில், அதுவும் தூக்கம் கெட்டுக் கிடக்கிற நேரத்தில். கூட்டாளிகளோடு அணி சேர்ந்து ஆடுவதைப் பாதியில் நிறுத்தி வைக்க முடியாது. ஆட்டம் முடியட்டும், அப்புறம் வாங்குங்கள். ராத்திரி செல் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும், உங்கள் செல்லும் சேர்த்துத்தான். முதலில் தூக்கம் சரியாகட்டும், கோபம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பிறகு பார்க்கலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். முன்பு தெருவில் கிரிக்கெட் ஆடியவன் இப்போது அதை விட்டுவிட்டானா? கூட்டாளிகள் கூப்பிட்டாலும் போவதில்லையா? சாப்பாடு குறைந்ததா, மார்க் திடீரென்று சரிந்ததா? பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் பெரும்பாலும் சோகமாகத் தெரியும். பிள்ளைகளுக்கு வந்தால் பல நேரம் சிடுசிடுப்பாகவும் வரும். பள்ளியில் யாரோ அடிப்பதை வீட்டில் சொல்ல முடியாமல் செல்லுக்குள் ஒளிகிற பிள்ளைகள் உண்டு. அங்கே விளையாட்டு நோயல்ல, ஒளியும் இடம். அதைப் பிடுங்கினால் உள்ளே இருப்பது இன்னும் ஆழமாகப் போகும். இப்படித் தெரிந்தால் டாக்டரிடம் போக இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். சாகப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே கிளம்புங்கள்.

இப்போது அந்தத் தெரிந்தவர். ஆள் சேர்த்துவிட்டால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று முகத்துக்கு நேராகக் கேளுங்கள். குடிகாரர்களுக்காகத் திறந்த இடத்தில் 'செல்போன் அடிமை' என்று ஒரு போர்டையும் மாட்டிவிடுகிறார்கள். செல் விளையாட்டுக்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனமே நோய் என்று சொல்லிவிட்டது என்பார்கள். சொன்னது உண்மை, ஆனால் சாதாரணமாக 12 மாத அளவுக்குப் படிப்பும் பழக்கவழக்கமும் கெட்டிருந்தால்தான் அந்தப் பெயர். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி மையத்துக்குப் பதிவு வேண்டும், மனநல மருத்துவர் பார்த்திருக்க வேண்டும், சிறுவர்களைப் பெரியவர்களோடு வைக்கக் கூடாது. முக்கியமாக, இருக்கிற நாள் முழுக்கப் பெற்றவரோ அவர் அமர்த்திய ஆளோ பிள்ளையோடு தங்க வேண்டும். 'மூன்று மாதம் பார்க்க வராதீர்கள்' என்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பள்ளிக்கு ஒரு ஆலோசகர் இருந்தால் இந்தத் தரகர்களுக்கு வேலையே இல்லை. கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம். நேரில் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு, காலையிலேயே போங்கள். டாக்டரிடம் நீங்களே எல்லாவற்றையும் கொட்டிவிடாமல், முதலில் அவனைப் பேச விடுங்கள்.