மியாமி பீச்சில் மழை இல்லாமலே தெருவில் தண்ணீர் ஏறுவது ஏன்?

"வெயில் நாளிலும் மியாமி பீச் தெருவில் தண்ணீர் நிற்கிறதே, கடலோரம் சுவர் கட்டினால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா கடலோரத்தில் உள்ள அந்த ஊருக்கு அடியில் இருப்பது துளை துளையான சுண்ணாம்புக்கல். இலையுதிர்காலத்தில் கடல் ஏறும்போது உப்புத்தண்ணீர் சுவருக்கு அடியிலேயே ஊறி வரும். மழைநீர் வடிகாலிலும் எதிர்த்து ஏறி, சாலையோரக் கம்பிமூடி வழியே கொப்பளிக்கும்.

அதனால் 2013-க்குப் பிறகு நகராட்சி பம்புகள் வைத்தது, வடிகாலில் ஒருவழி வால்வு போட்டது, சன்செட் ஹார்பர் பகுதியில் சாலையையே உயர்த்தியது. அப்புறம்தான் மக்களுக்குப் புதுக் கவலை: சாலை மேலே போனால் எங்கள் வாசல் பள்ளமாகிவிடாதா? நியாயமான பயம். அங்கே சில பழைய கடைகளுக்குள் போக இப்போது படி இறங்கவேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் இல்லாத பம்பும் நின்றுவிடும். அப்படிப்பட்ட பம்பை நம்பி இருங்கள் என்று அவர்களிடம் சொல்வது சரியே இல்லை.