மாடு மேய்க்கப் போ என்கிறார் வனவர்

கேள்வி: சத்தியமங்கலம் பக்கம் மலையடிவாரத்துக்காரன் நான். மூன்று கோடையாகத் தீத்தடுப்புக் காவலர் வேலை, தினக்கூலிதான். போன மாதம் கரட்டின் அடியில் தீ எரிந்துகொண்டிருந்தபோது, எங்கள் வனவர் ஆறு பேரைப் பள்ளத்தின் வழியாக மேலே ஏறச் சொன்னார். "தீ திரும்பினால் எந்தப் பக்கம் ஒதுங்குவதுங்க?" என்று கேட்டேன். "பயமாக இருந்தால் மாடு மேய்க்கப் போ" என்றார். காற்று மாறியது. புகைக்குள் பாறையைத் தடவித் தப்பித்தோம்; ஒருவருக்குக் கால் வெந்துவிட்டது. வேலையை விடச் சொல்கிறாள் மனைவி. எதிர்த்துப் பேசினால் அடுத்த கோடைக்குக் கூப்பிட மாட்டார்கள். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, மாடு மேய்ப்பவன் காற்றைப் பார்த்துத்தான் பட்டிக்குத் திருப்புவான். உங்கள் வனவர் அதைக்கூடப் பார்க்கவில்லை.

தீ மேட்டில்தான் வேகமாக ஓடும். கீழே எரிவதன் அனலே மேலே நிற்கும் புல்லை முன்கூட்டிக் காய்ச்சிவிடுகிறது. வெயில் ஏற ஏறக் காற்றும் மலையேறும். பள்ளம் என்றால் அது ஊதுகுழல்; உண்ணிச்செடி வேறு காய்ந்து கிடந்தால் சொல்லவே வேண்டாம். 1994 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் கொலராடோவில், கீழிருந்து ஏறிவந்த காட்டுத்தீயில் 14 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். எல்லாரும் பயிற்சி பெற்றவர்கள். அவ்வளவு தூரம் எதற்கு? பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் திருச்சூர் மாவட்டம்; அங்கே கொற்றம்பத்தூரில் 2020 பிப்ரவரியில் மூன்று வனக் காவலர்கள் தீக்குப் பலியானார்கள்.

பால் கிளீசன் என்ற அமெரிக்கத் தீயணைப்பாளர் 1991இல் நான்கே விஷயங்களைச் சொன்னார்: தீயைப் பார்த்துக்கொண்டே இருக்க ஓர் ஆள், பேசிக்கொள்ள வழி, தப்பிக்கும் பாதை, ஒதுங்க இடம். நீங்கள் கேட்டது இதில் பாதி. அதைக் கேட்டதற்கா பயந்தாங்கொள்ளிப் பட்டம்!

ஆனால் கேட்ட நேரம் சரியில்லை. தீயின் முன்னால், ஐந்து பேர் பார்க்க, எந்த அதிகாரியும் இறங்கி வர மாட்டார். காலையில் முகாமில் தேநீர் குடிக்கும்போது பேசுங்கள். வெறுமனே மறுக்காதீர்கள், கையில் மாற்று யோசனை இருக்கட்டும். "கால் வெந்தவர் வாக்கிடாக்கியோடு எதிர்க்கரட்டில் உட்கார்ந்து பார்க்கட்டுமுங்க, எரிந்து கருகிய பக்கமிருந்து நாங்கள் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறோமுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகமும் கெடாது. அமெரிக்கக் குழுக்களில் ஆபத்தான வேலையை மறுக்க முறையே உண்டு. அதே வேலையை வேறு குழுவிடம் கொடுத்தால், முதல் குழு ஏன் மறுத்தது என்பதையும் அவர்களிடம் சொல்லியாக வேண்டும்.

அவர் மசியாவிட்டால் வனச்சரகருக்கு மனு எழுதுங்கள். தேதி, நேரம், இடம், காற்று, வெந்த கால், மருத்துவச் சீட்டின் நகல் எல்லாம் இருக்கட்டும். வனவரின் குணத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். ஆறு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஒருவனைக் கழற்றிவிடுவது சுலபம், தடம் தெரிந்த ஆறு உள்ளூர்க்காரர்களை விட்டுவிட்டுக் கோடையில் காட்டுக்குள் போவது சுலபமில்லை. நகல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

இன்னொன்று: பாலியெஸ்டர் சட்டையோடு போகாதீர்கள். உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி போதும்.

மனுவை மனைவியிடம் படித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் அதே பள்ளத்தில் ஏறச் சொன்னால், அன்றைய கூலியை விட்டுவிட்டு இறங்கி வந்துவிடுங்கள்.