சிறுநீர்த் தொற்று மாத்திரை: எலியும் எடையும்

நைட்ரோஃபுரான்டாயின் கொடுத்த எலிகளுக்கு எடை குறைந்து கட்டியும் வந்ததாமே? எனக்கு ஐந்து நாளுக்கு எழுதியிருக்கிறார்கள். போடலாமா? – வள்ளியூர்

போடுங்கள். நீங்கள் படித்தது அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 1989-இல் வெளியிட்ட ஆய்வு. இரண்டு வருடம் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். பெண் சுண்டெலிகளுக்குச் சூலகத்தில் கட்டி வந்தது. அதிக அளவு தின்றவற்றின் எடையும் குறைந்தது. ஆனால் கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் அவை தின்றது நம் அளவைப் போலப் பல பத்து மடங்கு. ஐந்து நாள் மாத்திரைக்கு அந்தக் கணக்கைப் பொருத்த முடியாது.

அப்படியானால் உடம்பு இளைக்க இதைப் போடலாமா? – பாளையங்கோட்டை

கூடாது. இது கிருமிக்கான மருந்து.

சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறது. – தென்காசி

மருந்தின் நிறம்தான், நிறுத்தினால் மாறிவிடும். கண் மஞ்சளித்தாலோ, உடம்பு வெளுத்து மிகவும் சோர்ந்தாலோ உடனே காட்டுங்கள்.

ஆச்சி பீடி சுற்றுகிறாள். அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். ஒரு வருடமாக மெடிக்கலில் இதே மாத்திரையை வாங்கித் தினமும் போடுகிறாள். இப்போது வறட்டு இருமல், நடந்தால் இளைப்பு, எடையும் குறைகிறது. மாத்திரையாலா? – முக்கூடல்

இருக்கலாம். இன்றே நிறுத்திவிட்டு, மாத்திரை அட்டையோடு ஆச்சியை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மாதக்கணக்கில் போடுகிற சிலருக்கு இந்த மருந்து நுரையீரலைத் தழும்பாக்கும், ஈரலைக் கெடுக்கும், கால் மரத்துப்போகும். வயதானவர்களுக்கு ஆபத்து கூடுதல். மார்பு எக்ஸ்ரே, ஈரல் பரிசோதனை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை மூன்றும் வேண்டும். காசநோய்க்கும் இதே அறிகுறிகள்தான் என்பதால் சளியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எத்தனை தடவை எழுதினாலும் இது மட்டும் மாறவில்லை. சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்தை, பழைய அட்டையைக் காட்டினால் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு வருடத்தில் ஒரு முறையாவது கல்ச்சர் (சிறுநீரில் என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்கும் சோதனை) பார்த்தார்களா? சிறுநீரகம் பாதிக்கு மேல் சோர்ந்திருந்தால் மருந்து சிறுநீருக்குச் சரியாகப் போய்ச் சேராது, ரத்தத்தில்தான் கூடும். இதைக் கவனிக்கத்தான் டாக்டர். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்காமல், ஒன்றுக்கும் போகாமல் அடக்கிக்கொண்டு சுற்றினால் கடுப்பு திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும். ஆச்சியைத் தடவைக்கு ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போய் வரச் சொல்லுங்கள்.

மாத்திரை கேட்கவில்லை. அடுத்து என்ன? – அம்பாசமுத்திரம்

வயது இல்லை, மாத்திரை பெயர் இல்லை, காய்ச்சல் உண்டா என்றும் இல்லை. இப்படி எழுதினால் என்ன சொல்வது? குளிர்காய்ச்சலும் விலாவலியும் இருந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கும். நைட்ரோஃபுரான்டாயின் அங்கே எட்டாது. கல்ச்சர் கொடுத்துவிட்டு, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மகளுக்கு ஒன்பதாம் மாதம். மிச்சமிருக்கும் மாத்திரையைக் கொடுக்கலாமா? – திசையன்விளை

கூடாது. பிரசவம் நெருங்கும்போது போட்டால் குழந்தையின் சிவப்பணுக்கள் உடையலாம். மிச்ச மாத்திரையை யாருக்குமே கொடுக்காதீர்கள்.

வாழைத்தண்டுச் சாறு போதாதா? – சேரன்மகாதேவி

குடியுங்கள், நல்லதுதான். கிருமி அதற்குச் சாகாது. மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள். குமட்டலும் குறையும், மருந்தும் நன்றாக உடம்பில் சேரும்.