ஓல்டு கோர்ஸில் ஆட, பட்டாலையிலேயே பழகலாம்

கேள்வி: வயது 61, சொந்த ஊர் காரைக்குடி. மலேசியாவில் வேலை பார்த்தபோது கோல்ஃப் பழகினேன். ஹேண்டிகேப் (திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 22, வலது கை ஆட்டம். மகன் எடின்பரோவில் இருக்கிறான், அவனும் ஆடுவான். ஜூலையில் போகும்போது ஸ்காட்லாந்தின் சென்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில் ஒருமுறையாவது ஆட ஆசை. இடம் கிடைக்குமா? ஊரில் இருந்தபடியே என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: கிடைக்கும், குலுக்கலில் பெயர் விழுந்தால். அது பொது மைதானம். ஆட நினைக்கும் நாளுக்கு 2 நாள் முன்னதாக, பகல் 2 மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். அன்று மாலையே முடிவு தெரிந்துவிடும். குறைந்தது 2 பேர், அதிகபட்சம் 4 பேர் சேர்ந்து கொடுக்கலாம். இருவருக்குமே ஹேண்டிகேப் சான்று கட்டாயம். உங்கள் 22 போதும். ஒரே நாளை நம்பிப் போகாமல் நாலைந்து நாள் கையில் வைத்துக்கொண்டு தினமும் பெயர் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, ஊர் மக்கள் உலாவும் பூங்காவாகிவிடும். அன்று போய் மைதானத்தை நடந்தே பார்த்துவிடுங்கள்; பங்கர்கள் (மணல் குழிகள்) எங்கே ஒளிந்திருக்கின்றன என்பது டீயில் (முதல் அடி அடிக்கும் இடத்தில்) நின்றால் தெரியாது.

மொத்தம் 112 பங்கர்கள். கிரீன்களோ (குழி இருக்கும் மழித்த புல்தரைகள்) 11தான், அவற்றில் 7 இரட்டைக் கிரீன்கள். 2ஆம் குழியும் 16ஆம் குழியும் ஒரே கிரீனில், 3உம் 15உம் ஒன்றில், இப்படி ஜோடி எண்களைக் கூட்டினால் 18 வரும். தப்பான பாதியில் பந்து நின்றால் 20, 30 மீட்டர் பட் (தரையில் உருட்டும் அடி) அடிக்க வேண்டியிருக்கும். நம்மவர்கள் ஸ்கோரைத் தொலைப்பது பெரும்பாலும் இதில்தான். உங்கள் வீடு தெருவுக்குத் தெரு ஓடும் செட்டிநாட்டு வீடு என்றால், இதைப் பழக அதன் நீண்ட பட்டாலைக் கூடத்தைவிட நல்ல இடம் இல்லை. ஆத்தங்குடிக் கல்லில் பந்து வழுக்கி ஓடும் என்பதால், பந்திப்பாயை நீளவாக்கில் விரித்துக்கொள்ளுங்கள். 20 மீட்டருக்கு 10 பந்து அடித்து, 7 பந்தாவது 1 மீட்டர் வட்டத்துக்குள் நிற்கும்வரை விடாதீர்கள். பாயின் வேகம் வேறு, புல்லின் வேகம் வேறு. கை எவ்வளவு பின்னே போனால் பந்து எவ்வளவு தூரம் போகிறது என்ற கணக்குப் பிடிபடுவதுதான் இங்கே லாபம்.

அடுத்தது ஊரின் செம்மண் பொட்டலில் பழகுங்கள். ஓல்டு கோர்ஸிலும் புல் குட்டை, தரை இறுக்கம். 60 டிகிரி வெட்ஜை (பந்தை உயரத் தூக்கும் கிளப்) எடுத்தால் அதன் அடிப்பாகம் தரையில் மோதி எகிறும். விளிம்பு பந்தின் நடுவில் பட்டு, பந்து கிரீனைத் தாண்டிப் பறக்கும். 7ஆம் நம்பர் அயர்னை (இரும்புத்தலைக் கிளப்) எடுங்கள். பந்தை வலது கால் பக்கம் வைத்து, கைகளை முன்னே தள்ளி, மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் விழச்செய்து மீதியை உருளவிடுங்கள். கிரீனுக்கு வெளியே 15 மீட்டரில் நின்றாலும் பட்டரை (உருட்டி அடிக்கும் கிளப்) பயன்படுத்தத் தயங்க வேண்டாம்.

டீயில் ஒரே விதி: சந்தேகம் வந்தால் இடப்பக்கம். போகும்போதும் திரும்பும்போதும் முள்புதரும் எல்லைக்கோடும் பெரும்பாலும் வலப்பக்கம். இடப்பக்கம் எதிர்த்திசையில் ஆடும் குழியின் ஃபேர்வே (வெட்டிய புல்பாதை). கிரீனுக்குக் கோணம் கொஞ்சம் கெடும், பந்து தொலையாது. 14ஆம் குழியிலும் இரண்டாம் அடியை இடப்பக்கம் 5ஆம் ஃபேர்வேக்கு அனுப்பினால் ‘ஹெல்’ பங்கரிலிருந்து தப்பலாம்.

பங்கர்ச் சுவர்கள் புல்தட்டுகளை அடுக்கிக் கட்டியவை, செங்குத்தானவை. பந்து சுவரை ஒட்டிக் கிடந்தால் கொடியை மறந்து பக்கவாட்டிலோ பின்னாலோ அடியுங்கள். அதற்கும் வழியில்லையென்றால், 2 அடி தண்டம் ஏற்று, கொடிக்கும் பந்துக்குமான நேர்கோட்டில் பங்கருக்கு வெளியே பின்னால் பந்தைக் கையிலிருந்து விழவிட்டு ஆடலாம். உள்ளேயே நாலு முறை வீசுவதைவிட இது மலிவு.

17ஆவது ‘ரோடு ஹோல்’ பார் 4, அதாவது 4 அடியில் முடிக்க வேண்டிய குழி. நீங்கள் பார் 5 என்றே வைத்துக்கொள்ளுங்கள். டீயிலிருந்து ஹோட்டல் வளாகத்தின் மேலாக அடிக்கும் வீரமெல்லாம் வேண்டாம். இரண்டாம் அடியைக் கிரீனுக்கு முன்னே, வலப்பக்கம் நிறுத்துங்கள். இடப்பக்கம் ரோடு பங்கர் வாய் திறந்திருக்கிறது. 1978 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் ஜப்பானின் டாமி நகஜிமா பட் அடித்தே அதற்குள் உருட்டி, அந்தக் குழிக்கு 9 அடி வாங்கினார். கிரீனைத் தாண்டினால் தார்ச்சாலை, அதுவும் ஆட்டக்களமே. பந்து கிடக்கும் இடத்திலிருந்துதான் அடிக்க வேண்டும்.

ஜூலையிலும் அங்கே பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். குளிரில் பந்து குறைவாகவே பறக்கும், எதிர்க்காற்றும் சேர்ந்தால் ஒன்றிரண்டு கிளப் கூட்டி, அதாவது இன்னும் தூரம் அடிக்கும் கிளப்பாக எடுங்கள். வண்டியை எதிர்பார்க்காதீர்கள், முழுக்க நடைதான். மழைச்சட்டை, நீர்புகாத ஷூ இரண்டையும் பையில் வையுங்கள். பணம் இருந்தால் மறுயோசனையின்றி ஒரு கேடியை (பை சுமந்து வழிகாட்டுபவர்) அமர்த்திக்கொள்ளுங்கள். எந்தப் பங்கர் எங்கே என்று அவருக்குத் தெரியும்.